எத்தாவில் இருந்த வீட்டுக்காரம்மா

காரைக்காலில் வீடு தேடிய அந்த ஒன்றரை மாதமும் என் கணவர் வாயில் ஒரே சொல்தான். வில்லங்கம். எந்த வீட்டைச் சொன்னாலும், "அதுல ஒரு வில்லங்கம் இருக்கும் பாரு" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பார்த்த வேலை அப்படி. மாயவரத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் நகல் எழுதிக்கொண்டிருந்தவர், பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம் காரைக்காலில் ஒரு நொத்தேர் ஆபீசில் தமிழ் நகல் எழுத வந்தார். சொத்துப் பத்திரம் முடித்துக்கொடுக்கிற அதிகாரிக்கு அந்த ஊரில் நொத்தேர் என்று பேர். அண்ணன் தம்பி தகராறையும் மூத்தாள் இளையாள் தகராறையும் பகலெல்லாம் எழுதிவிட்டு வருகிற மனிதருக்கு, தெருவில் இருக்கிற சுவரெல்லாம் யாரோ யாரையோ ஏமாற்றிக் கட்டிய சுவராகத்தான் தெரிந்தது.

நாங்கள் இருந்தது ஆபீசுக்கு மேலே, பழைய காகிதக் கட்டுகள் அடுக்கிவைத்த அறையை ஒட்டிய ஓர் அறையில். கிணறு கீழே. ஆபீஸ் தாழ்வாரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். காலையிலிருந்தே அங்கே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். நெடுங்காட்டுப் பக்கத்திலிருந்து வரப்புச் சண்டையோடு வருகிறவர்கள், பங்கு பிரிக்க வந்தவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள். அத்தனை பேருக்கு நடுவில் ஏழு மாத வயிற்றோடு, இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடக்க என்னால் ஆகவில்லை. ஆபீஸ் திறக்கும் முன்பே நாலு குடம் எடுத்து மேலே வைத்துக்கொள்வேன். அது தீர்ந்தால் சாயங்காலம் வரை இல்லை. நாலு வயது மகள் தண்ணீர் கேட்டால் தம்ளரில் பாதிதான் ஊற்றுவேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் மாமியார் யாரையோ கொண்டு கடிதம் எழுதச் செய்திருந்தார். கார்த்திகை பிறப்பதற்குள் வீடு கிடைக்காவிட்டால் என்னையும் குழந்தையையும் ஊரில் கொண்டுவந்து விடவேண்டும், பிரசவம் அங்கேயே ஆகட்டும், மகன் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று. கணவர் அதைப் படித்துவிட்டு, "அதுவும் நல்லதுதான்" என்றார்.

எனக்குத் தாய் இல்லை. போய்ப் பிள்ளை பெறத் தாய்வீடும் இல்லை. புகுந்த வீட்டில் பதினொரு பேர். அதைவிடப் பெரிய பயம் என் மூத்த ஓரகத்தியை நினைத்து. அவளும் பிரசவத்துக்காகத்தான் அந்த வீட்டுக்கு வந்தாள். குழந்தை பிறந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று கப்பல் ஏறிய அவள் கணவர் ரங்கூனிலிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது. காரைக்கால் ரங்கூன் இல்லை, மூன்று மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனாலும் ஒரு தடவை அந்த வீட்டு அடுப்படிக்குள் போனால் என்னை வெளியே கூட்டி வர யாருக்கும் அவசரம் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

அதனால் வீடு கிடைத்தே ஆகவேண்டும். அதுவும் பிள்ளை பெற விடுகிற வீடாகக் கிடைக்கவேண்டும்.

முதலில் பார்த்த வீட்டில் அந்த அம்மாள் எங்களை வாசலிலேயே நிறுத்தி, "எந்த ஊரு, என்ன ஆளுங்க, எத்தன உருப்படி" என்று கேட்டார். ஊரைச் சொன்னதும், "இங்கிலீசுப் பக்கமா!" என்று உதட்டைப் பிதுக்கினார். கொடி மாறி ஒரு வருஷம் ஆகியும் அவர்களுக்கு நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள்தான். கடைசியில் கண் என் வயிற்றுக்கு வந்தது. "பெறப்பு இங்கயா ஆவும்? வேணாம்மா. உள்ள சாமி மாடம் இருக்கு."

அடுத்தது சைகோன் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒருவர் வீட்டின் பின்கட்டு. அவர் எதையும் கேட்கவில்லை. "குடும்பம்னா ரொம்ப நல்லது, இன்னைக்கே வாங்களேன்" என்றார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததில் கணவருக்குச் சந்தேகம். எனக்கும் சந்தேகம்தான், ஆனால் வேறு மாதிரி. குளிக்கிற மறைப்புத் தட்டியில் ஓர் ஓட்டை இருந்தது. எலி கடித்தால் கீழேதானே கடிக்கும்? அது என் கண் உயரத்துக்கு இருந்தது. நான் கணவர் சட்டையை இழுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது வீட்டைப் பற்றிச் சொன்னவர் ஆப்பம் விற்கிற ஒரு முஸ்லிம் அம்மாள். எல்லாரும் அவரை ராத்தா என்பார்கள், அவர்கள் பேச்சில் அக்கா என்று பொருள். தினம் காலையில் ஆபீஸ் பக்கத்து வாசலில் கூடையை இறக்குவார். கீழே ஆண்கள் இல்லாத நேரம் அது என்பதால் நானும் இறங்கி வாங்குவேன்.

"வூடு தேடுறீங்களாமே புள்ள. எங்க தெருவுல ஒண்ணு இருக்கு. உள்ளயே கெணறு, கொல்லையில முருங்க மரம். ஒத்த ஆம்பளைக்குக் குடுக்க மாட்டாங்க. குடும்பத்துக்குத்தான்."

"எனக்கு இங்கயே பிரசவம்..." என்று இழுத்தேன்.

"புள்ள பொறக்காத வூடு ஒரு வூடா?" என்றார்.

எனக்கு அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "வீட்டுக்காரம்மாவ எப்பப் பாக்கலாம் ராத்தா?"

அவர் முகம் மாறிவிட்டது. என் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். குரலைத் தணித்து, "பாக்க முடியாது புள்ள. அவங்க எத்தாவுல இருக்காங்க. இன்னும் மூணு மாசம் ஆவும். அதப் பத்தியெல்லாம் நீங்க ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டார். எத்தா என்றுதான் என் காதில் விழுந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். கழற்றிக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் விட்டுவிட்டார்.

"எத்தாவா? எத்தா சிவிலா?"

எனக்கு என்ன தெரியும். அவரே சொன்னார். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதிகிற இடத்துக்கு இங்கே எத்தா சிவில் என்று பேராம். பிரெஞ்சு வார்த்தை. ஆபீசில் எல்லாரும் சுருக்கமாக எத்தா என்பார்களாம்.

"ஒருத்தி மூணு மாசம் எத்தாவுல கெடக்குறான்னா என்ன அர்த்தம்? பேர்ல தகராறு. இவதான் பொண்டாட்டிங்கறதுக்குக் காயிதம் இருக்காது. நாம பொட்டிய எறக்குன மறுநா நெசமான பொண்டாட்டி வந்து நிப்பா. பொறந்த புள்ளையோட நாம நடுத்தெருவுல நிக்கணும்."

"எதுக்கும் விசாரிச்சிப் பாருங்களேன்."

விசாரித்தார். அதுதான் காரியத்தை இன்னும் கெடுத்தது. மறுநாள் காலையில் ராத்தாவிடம், "அந்த வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். ராத்தா ஒரு பேர் சொன்னார். அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஆபீசில் பழைய கட்டுகளையெல்லாம் புரட்டியிருக்கிறார். அந்தத் தெருவில் அந்தப் பேரில் ஒரு வீடும் இல்லை.

"வூடே இல்லாத ஆளு வூட்ட வாடகைக்கு வுடுறான்" என்று மேலே ஏறி வந்து சொன்னார். அவர் நினைத்தது சரியாகிவிட்டதே என்று ஒரு சந்தோஷம்கூட முகத்தில் இருந்தது.

அதற்குள் ராத்தா இன்னொரு சேதி கொண்டுவந்தார். வீட்டை வந்து பார்க்கலாம், ஆனால் நான் மட்டும்தான் வரவேண்டும், ஆண்கள் கூடாது. கணவர் சிரித்தார். "ஆம்பள வந்தாக் கண்டுபுடிச்சிடுவான்னு பயம்." எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் கிணறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று ராத்தா சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ராத்தாவின் பின்னால் போனேன்.

ஒரே பெரிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சுவரில் ஒரு கதவு. எங்களுக்குச் சொன்ன பாதி சுத்தமாக இருந்தது. கிணறும் இருந்தது, அதன் நடுவிலேயே ஆள் உயரச் சுவர் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறைக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். ஆனால் நான் பார்த்ததெல்லாம் வேறு. நடுக்கதவுக்கு எங்கள் பக்கம் தாழ்ப்பாளே இல்லை, அந்தப் பக்கம்தான். நினைத்தபோது திறந்துகொண்டு வரலாம். ஓர் அறை பூட்டியிருந்தது. அதன் வாசலில் ஆண்பிள்ளை செருப்பு ஒரு ஜோடி, துடைத்து, சேர்த்து வைத்திருந்தது.

"அந்த ரூம மட்டும் அவங்க தொறக்க மாட்டாங்க. அதக் கேக்காதீங்க" என்றார் ராத்தா.

இந்த ஊரில் எதைக் கேட்டாலும் கேட்காதீங்க என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நடுக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்ற, தொண்டை கட்டிய குரல். அறுபது வயது இருக்கும் என்று எண்ணினேன்.

"எத்தன பேரு?"

"நாங்க ரெண்டு பேரு, ஒரு பொண்ணு. இன்னொண்ணு வயித்துல" என்றேன். கதவைப் பார்த்துப் பேசுவது எனக்கு ஒரு விதத்தில் நல்லதாக இருந்தது. மனித முகத்தைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு வார்த்தை வராது.

"வளந்த ஆம்பளப் புள்ளைங்க, கொழுந்தன், மச்சான்னு யாரும் வந்து தங்குவாங்களா?"

"யாருமில்ல."

"உங்க மாப்பிள்ள எங்க வேல பாக்குறாங்க?"

அவர்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் கணவன் என்று ராத்தாவோடு பேசிப் பேசி எனக்குத் தெரியும். "நொத்தேர் ஆபீசுல" என்றேன்.

கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. ரொம்ப நேரம். அப்புறம், "யோசிச்சிச் சொல்லி அனுப்புறேன்" என்றது குரல். காலடி உள்ளே போனது கேட்டது.

திரும்பி வருகிற வழியெல்லாம் ராத்தா என்னைத் திட்டினார். "நொத்தேர்னு ஏன் புள்ள சொன்னீங்க? ஆபீசுன்னு சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல!"

"நெசத்ததானே சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் கணவர் தொடையில் தட்டினார். "பாத்தியா! நொத்தேர்ங்கற பேரக் கேட்டதும் வாயடைச்சிப் போச்சு. பூட்டுன ரூம்புல என்ன வச்சிருக்காளோ. தீர்வை கட்டாத சிங்கப்பூர் சரக்கா இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றவரிடமிருந்து ஒரு வாரம் சேதி இல்லை. மழை வலுத்தது. மாடி அறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. மாமனாரிடமிருந்து கார்டு வந்தது: வெள்ளிக்கிழமை வருகிறேன், மருமகளைத் தயாராக இருக்கச் சொல். கணவர் என் டிரங்குப் பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து இழுத்து வைத்தார். அவருக்கும் சங்கடம்தான். என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு மாசந்தானே" என்றார்.

என் ஓரகத்தியிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. அவர் ஆபீசுக்குக் கீழே இறங்கியதும் நானும் மகளும் இறங்கினோம். உட்கார்ந்திருந்த ஆண்களைத் தாண்டி, தலையைக் குனிந்தபடி, தெருவுக்கு வந்துவிட்டேன். அந்த ஊரில் துணையில்லாமல் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு தெரு தப்பிப் போய், முருங்கை மரத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு அந்தப் பாதியைத் துடைக்க ஆள் வந்திருந்ததால் வாசல் திறந்திருந்தது. நேராக நடுக்கதவுக்குப் போய்த் தட்டினேன்.

"யாரு?"

"வீடு பாக்க வந்தேனே, நாந்தாங்க." வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அப்படியே கேட்டேன். "உங்க எத்தா எப்பங்க முடியும்?"

"இன்னும் எம்பத்தெட்டு நாளு இருக்கு. ஏன்?"

"முடிஞ்சதும் பேரு பதிஞ்சிடுவாங்களா?"

"யாரு பேர?"

"உங்க பேரத்தான். நீங்கதான் பொண்டாட்டின்னு."

கதவு அதிர்ந்தது. அந்தப் பக்கம் கையால் அறைந்திருக்க வேண்டும். "யாரு அனுப்பிச்சா உன்ன? எங்க கொழுந்தனாரா? நொத்தேர் ஆபீசுன்னு சொன்னப்பவே நெனச்சேன். வேவு பாக்கக் குடித்தனம் அனுப்புறாங்களா? போய்ச் சொல்லு, இது எங்க உம்மா எனக்குக் குடுத்த வூடு!"

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். கொழுந்தனார் யார், வேவு எதற்கு, ஒன்றும் புரியவில்லை. போய்விடலாம் என்று திரும்பினேன். மகள் மட்டும் கதவு இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருப்பவரிடம் அவள் சொன்னாள்: "நாளைக்கி எங்க தாத்தா வந்து எங்கள ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்பா இங்கயே இருப்பாங்க. அம்மாவுக்குப் புடிக்கல."

அந்தச் சமயம் ராத்தா கூடையோடு கொல்லைப்புறமாக உள்ளே வந்தார். சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தா சிவில், இல்லாத காயிதம், நிஜமான பொண்டாட்டி. ராத்தா கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு, சிரிக்கவும் முடியவில்லை.

"எத்தா இல்ல புள்ள, இத்தா! புருசன் மவுத்தான பொம்பள நாலு மாசம் பத்து நாளு ஆம்பள மொகம் பாக்காம உள்ளயே இருக்கணும். அதுதான் இத்தா. இவங்க மாப்பிள்ள பினாங்குலேருந்து வந்த எடத்துல ரெண்டு நாள் காய்ச்சல்ல மவுத்தாயிட்டாங்க."

"ஏன் ராத்தா மொதல்லயே சொல்லல?"

"ஏழு மாசத்து வயித்துக்காரிக்கிட்ட காலங்காத்தால மவுத்தப் பத்தியா பேசுவாங்க?"

கதவுக்குப் பின்னால் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கரகரத்த குரல், கொஞ்சம் தணிந்து, "அவங்க பேருல எந்தக் காயிதத்துலயும் வூடு இருக்காதும்மா" என்றது. "எங்காளுங்கள்ல வூடு பொம்பளைக்குத்தான். உம்மாவுக்கு அவங்க உம்மா குடுத்தது, எனக்கு எங்க உம்மா குடுத்தது. மாப்பிள்ளதான் வந்து இருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கணவர் வீட்டுக்காரர் என்று கேட்டது வீட்டுக்குச் சொந்தக்காரரை. ராத்தா சொன்னது அந்த அம்மாளின் வீட்டுக்காரரை, போய்ச் சேர்ந்த கணவரை. ஒரே சொல்லை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த சந்தேகம் தீரவில்லை. கொழுந்தனார், இந்த வீட்டுப் பின்கட்டை எடுத்துக் கட்டியது தன் அண்ணன் பணம், அதனால் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு நொத்தேரைப் பார்க்கப் போய்வருகிறாராம். அந்த ஆபீசிலிருந்தே ஒரு குடும்பம் வீடு கேட்டு வந்தால் யார்தான் நம்புவார்கள்?

"என் வீட்டுக்காரர் நகல் எழுதறவருங்க. அவருக்கு உங்க கொழுந்தனார யாருன்னே தெரியாது" என்றேன். "என் வயித்துல இருக்கற புள்ள மேல—"

"அய்யய்யோ!" என்று உள்ளேயிருந்து குரல் பாய்ந்து வந்தது. "புள்ள மேலல்லாம் சத்தியம் பண்ணாதீங்க. வேணாம். நம்புறேன். நம்புறேம்மா."

கதவைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். திறக்கவில்லை. நான் பொம்பளைதானே என்று ராத்தாவிடம் மெல்லக் கேட்டேன்.

"நீங்க பொம்பளதான். உள்ள இருக்கறது ஆணா பொண்ணான்னு யாரு கண்டா?" என்று என் வயிற்றைக் காட்டினார்.

வீட்டைக் கொடுப்பதற்கு அந்தம்மா ஒரே நிபந்தனைதான் போட்டார். இத்தா முடிகிறவரைக்கும் என் கணவர் கொல்லைக்கோ கிணற்றடிக்கோ வந்தால் இருமிவிட்டு வரவேண்டும். இருமல் கேட்டால் அவர் அந்தப் பக்கத்தில் உள்ளே போய்விடுவார்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் பாதியைத்தான் நம்பினார். "எதுக்கும் காயிதத்துல இருக்கட்டும்" என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினார். வெள்ளை அடிப்பது யார், முருங்கைக்காய் யாருக்கு, காலி செய்ய எத்தனை நாள் கெடு, எல்லாம் இருந்தது. மறுநாள் காலையில் ராத்தா அதை வாங்கிப்போய்க் கதவுக்கு அடியில் தள்ளி, திருப்பிக் கொண்டுவந்தார். கீழே அந்தம்மா கையால் மூன்று வரி எழுதியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் கணவருக்கு வியர்த்துவிட்டது. வலமிருந்து இடமாக ஓடுகிற அரபு எழுத்து.

"நான் எழுதுனது ஒண்ணு, இவ எழுதியிருக்கறது என்னன்னு யாருக்குத் தெரியும்? நாம குடுத்தனம் இல்ல, காவக்காரன்னு எழுதியிருந்தா?"

அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமனார் குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார். என் டிரங்குப் பெட்டி வாசல் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்தார். நகர்ந்து கதவு மறைவில் நின்றுகொண்டேன். கணவர் காகிதத்தை அவரிடம் நீட்டி நடந்ததைச் சொன்னார்.

"அந்தம்மாவுக்கே எழுத்துத் தெரியுமாடா?" என்றார் மாமனார்.

"ஏன் தெரியாம?" என்று வாசலிலிருந்து ராத்தா பதில் சொன்னார். "ஓதப் போன பொம்பளைங்க எல்லாருக்கும் இந்த எழுத்து தெரியும். எழுத்துதான் அரபு, பேச்சு தமிழு. குடுங்க இப்படி." காகிதத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "'இதுக்கு... ஒத்துக்கிட்டேன். கெணத்தடிக்கு இருமிட்டு வரணும். புள்ள... இங்கயே பெத்துக்கலாம்.'"

மாமனார் மகனைப் பார்த்தார். "நீ ஒண்ணரைப் பக்கம் எழுதியிருக்கியே, முருங்கைக்காயெல்லாம் எழுதியிருக்கியே, பெறப்பப் பத்தி ஒரு வரி எழுதுனியாடா?"

கணவர் தலையைச் சொறிந்தார். ராத்தா கொடுத்த ஆப்பத்தில் நாலைத் தின்றுவிட்டு, கோட்டுச்சேரி வழியாகப் போகிற மத்தியான பஸ்ஸில் மாமனார் தனியாகத் திரும்பிப் போனார். என் பெட்டி அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போனது.

பெட்டி போனதும் சந்தேகம் எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பூட்டிய அறைக்குப் பக்கத்தில் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பார். நடுக்கதவுக்கு எங்கள் பக்கம் ஓர் அம்மிக் குழவியை உருட்டி வைத்தார். கொல்லைக்குப் போகும்போது மறக்காமல் இருமினார். முதலில் பொய் இருமல். போகப் போக அதுவே பழகிவிட்டது. பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் ஒருநாள், "என்னாங்கம்மா, ஐயாவுக்குக் கருவாட்டுத் தூசு ஏறிடுச்சா?" என்று கேட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிர். அது கிழவியின் சிரிப்பு மாதிரி இல்லை. என் மகள் இரண்டு பக்கமும் போய் வருவாள். அவளுக்குத் தடை இல்லை. "அங்க ஒரு அக்கா எனக்குப் பேன் பாத்தாங்க" என்பாள். எந்த அக்கா? அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவும் காது கேளாத அவர் தாயாரும் மட்டும்தான் என்று ராத்தா சொன்னாரே. மூன்றாவது ஆளை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பத்திரம் எழுதுவார்.

தை பாதியில் ஒரு மத்தியானம் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். கணவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கதவு அடியில் சூடான தண்ணீர்ச் சொம்பை வைத்துத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கை மட்டும் வெளியே வந்து, மூடிக்கொள்ளும். இத்தா முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

குழந்தை அழுததும் கதவுக்குப் பின்னாலிருந்து, "என்ன புள்ள? என்ன புள்ள?" என்று குரல்.

"பொண்ணு!" என்று மருத்துவச்சி கத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. அம்மிக் குழவி உருண்டு சுவரில் முட்டியது. வெள்ளைப் புடவையில், கையில் வளையல் ஒன்றுகூட இல்லாமல், என் வயதுக்கும் ஒன்றிரண்டு குறைந்த ஒரு பெண் உள்ளே வந்தாள். நான் வேறு யாரோ என்று நினைத்து அவள் பின்னால் வீட்டுக்காரம்மாவைத் தேடினேன். அவள் குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அதே கரகரத்த குரல். அழுது அழுது கட்டிய தொண்டை அது, வயதால் வந்தது இல்லை.

"பொண்ணுதானா நீ! மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன நாளும் கதவோட பேசிக்கிட்டு இருந்திருப்பனா?"

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவளுக்கு இருபத்தொன்று. பதினெட்டு நாள் கழித்து இத்தா முடிந்ததும் பூட்டிய அறையைத் திறந்தாள். ஒரு சைக்கிள், நாலு சட்டை, பினாங்கிலிருந்து வந்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். கணவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தோம். கொழுந்தனார் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவளுக்கு உம்மா எழுதிக்கொடுத்த பத்திரத்தைத் தேடிப் பிடித்து நகல் எழுதிக் கொடுத்தது என் கணவர்தான். அதை எழுதும்போதும், "இதுல ஒரு வில்லங்கம் இருக்கும் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் எழுதினார். இல்லை என்று தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

இருமல் மட்டும் அவரை விடவில்லை. இத்தா முடிந்து, வேறு ஊருக்கு மாறி, சொந்த வீடு கட்டிய பிறகும் கொல்லைக் கதவைத் தொடும்போது இருமுவார். பின்னால் பிறந்த மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டு மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாமாவுக்கு நெஞ்சில் ஏதாவது இருக்குமோ, எங்களிடம் மறைத்துப் பெண் எடுத்தீர்களா என்று கேட்டாள். கண்ணில் அப்படி ஒரு சந்தேகம். உட்கார் என்று சொல்லி, காரைக்காலில் வீடு தேடியதிலிருந்து ஆரம்பித்தேன்.